வாக்கும் இடமும்: இந்தியச் சட்டமன்றங்களில் கம்யூனிஸ்டுக் கட்சிகள் (1952–2024)

1. முன்னுரை

ஓர் அரசியல் கட்சியின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் அளந்தறியத் தேர்தல் முடிவுகளே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள்ளும் வென்ற இடங்களின் எண்ணிக்கையே முதலில் கண்ணிற்படுவது. நாளிதழ்த் தலைப்பு அந்த எண்ணிலிருந்து பிறக்கிறது. தலைப்பிலிருந்து பாடநூலும், பாடநூலிலிருந்து மொழிபெயர்ப்பும் பிறக்கின்றன. ஆயின் ஓர் எண்ணை ஒரு சொற்றொடராக மாற்றும்பொழுதே பொருள் திரியும் வாய்ப்பும் உண்டாகிறது. 'இடங்கள் குறைந்தன' என்னும் செய்தி 'மக்கள் புறக்கணித்தனர்' என்று பெயர்க்கப்படுமானால், அது மொழி மாற்றம் அன்று. வரலாற்று மாற்றம் ஆகும்.

இந்தியாவில் கம்யூனிஸ்டுக் கட்சிகள் நாடாளுமன்றத்திலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் பெற்ற இடங்களின் வரலாறு இத்தகைய திரிபுக்குப் பெரிதும் ஆட்பட்ட ஒன்றாகும். 1952 முதல் 2024 வரையிலான அவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களை எடுத்துக்கொண்டு, பெற்ற வாக்குக்கும் வென்ற இடத்துக்கும் இடையே இருந்த உறவினை ஆராய்வதும், அவ்வுறவினைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைச் சீர்தூக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். தமிழ்நாட்டுச் சான்றுகள் விரிவாகவும் பிற மாநிலச் சான்றுகள் ஒப்பீட்டளவிலும் கொள்ளப்படுகின்றன.

2. தேர்தல் முறையும் அதன் பெயரும்

இந்தியாவில் மக்களவைக்கும் சட்டப் பேரவைகளுக்கும் நடைபெறும் தேர்தல்களில், ஒரு தொகுதியில் ஏனையோரைவிட ஒரு வாக்கேனும் கூடுதலாகப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். அவர் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் குதிரைப் பந்தயத்தின் எல்லைக் கம்பத்தை முதலிற் கடத்தல் என்னும் உருவகத்திலிருந்து வந்தது. தமிழில் இதனை 'எளிய பெரும்பான்மை முறை' என்று எழுதுவோர் உளர். 'பெரும்பான்மை' என்னும் சொல் தமிழ் வழக்கில் பாதிக்கு மேற்பட்டதையே நினைவூட்டுவதால் அத்தொடர் மயக்கம் தருகிறது. ஆகவே இக்கட்டுரையில் இது 'மிகுவாக்கு முறை' எனக் குறிக்கப்படுகிறது.

மிகுவாக்கு முறையின் இயல்புகள் இரண்டு. முதலாவது, நாடெங்கும் பரவிக் கிடக்கும் வாக்கைவிடச் சில பகுதிகளில் செறிந்து நிற்கும் வாக்கே இடங்களைத் தரும். இரண்டாவது, ஒரு கட்சியின் வெற்றியை அதன் சொந்த வாக்கு மட்டும் முடிவு செய்வதில்லை. எதிர்த்து நிற்பவர்கள் ஒன்றுபட்டுள்ளனரா, பிரிந்துள்ளனரா என்பதும் முடிவு செய்கிறது.

முதல் இயல்புக்கு 1952-ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலே சிறந்த சான்று. அத்தேர்தலில் சோஷலிஸ்டுக் கட்சி பத்து விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்று 12 இடங்களையே வென்றது. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியோ 3.3 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டே 16 இடங்களை வென்று, 489 உறுப்பினர் கொண்ட அவையில் எதிர்க்கட்சிகளுள் பெரியதாக அமர்ந்தது. அதன் வாக்குகள் சென்னை மாநிலம், மேற்கு வங்கம் முதலிய சில பகுதிகளில் செறிந்திருந்தமையே காரணம். ஏ.கே. கோபாலன் அக்குழுவின் தலைவராக விளங்கினார். எனினும் அவையின் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இல்லாமையால், எதிர்க்கட்சித் தலைவர் என்னும் முறையான ஏற்பு அவருக்குக் கிட்டவில்லை.

இவ்விடத்து அட்டவணைகளைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். அன்றைய ஐதராபாத்து மாநிலத்தில் கட்சி தடை செய்யப்பட்டிருந்தமையால், கம்யூனிஸ்டுகள் 'மக்கள் சனநாயக முன்னணி' என்னும் பெயரில் போட்டியிட்டு மக்களவையில் 7 இடங்களை வென்றனர். நல்கொண்டாவில் வென்ற ரவி நாராயண ரெட்டி, அத்தேர்தலில் ஜவஹர்லால் நேருவைக் காட்டிலும் கூடுதல் வாக்குகள் பெற்றவர். தேர்தல் அட்டவணையில் அவர் பெயர் கம்யூனிஸ்டுக் கட்சியின் வரிசையில் காணப்படாது. அட்டவணையின் பெயர் வேறு, இயக்கத்தின் பெயர் வேறு என்பதனை முதல் தேர்தலே உணர்த்திவிடுகிறது.

3. சென்னை மாநிலம், 1952

1952-இல் சென்னை மாநிலச் சட்டப் பேரவை 375 இடங்களைக் கொண்டிருந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழிப் பகுதிகளின் உறுப்பினர்கள் அங்குக் கூடினர். காங்கிரசுக் கட்சி 152 இடங்களையே பெற்றுப் பெரும்பான்மையை இழந்தது. கம்யூனிஸ்டுக் கட்சி ஏறத்தாழ 13 விழுக்காட்டு வாக்குகளுடன் 62 இடங்களைப் பெற்று இரண்டாவதாக வந்தது. மதுரை வடக்குத் தொகுதியில் பி. ராமமூர்த்தி சிறையிலிருந்தவாறே வென்றார். வண்ணாரப்பேட்டையில் ப. ஜீவானந்தம் வென்றார். அனந்தப்பூரில் டி. நாகி ரெட்டி வென்றார்.

டி. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஓர் ஐக்கிய சனநாயக முன்னணியை அமைத்து ஆட்சி அமைக்க உரிமை கோரின. கம்யூனிஸ்டுகளும் அதில் இருந்தனர். ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அம்முன்னணியை அழைக்கவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்ட ராஜாஜியை அழைத்தார். 1952 ஏப்ரல் 10-ஆம் நாள் ராஜாஜி முதலமைச்சரானார். கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரிகள் என்று அவர் பேரவையில் வெளிப்படையாக அறிவித்தமை அக்காலச் சூழலைக் காட்டும்.

இந்த 62 இடங்களைத் 'தமிழ்நாட்டில் கம்யூனிஸ்டுகள் பெற்ற 62 இடங்கள்' என்று சில நூல்கள் குறிக்கின்றன. இது பிழை. அவற்றுள் 41 இடங்கள் ஆந்திரப் பகுதிக்குரியவை. எஞ்சியவற்றுள்ளும் மலபாரின் பங்கு அடங்கும். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திரம் தனி மாநிலமானபொழுது, ஒரு வாக்குக்கூடக் குறையாமல் சென்னைப் பேரவையில் கட்சியின் வலிமை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 'சென்னை' என்னும் பெயர் 1953-க்கு முன்னும் பின்னும், 1956-க்குப் பின்னும் வெவ்வேறு நிலப்பரப்புகளைக் குறிப்பதாகும். வரலாற்று நூல்களைப் பெயர்ப்போர் இவ்வேறுபாட்டினைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது.

4. வாக்கு உயர்ந்து இடம் வீழ்ந்த இரு தேர்தல்கள்

மிகுவாக்கு முறையின் இரண்டாவது இயல்பை ஆந்திரமும் கேரளமும் தெளிவாகக் காட்டுகின்றன.

1952-இல் ஆந்திரப் பகுதியின் 140 இடங்களில் கம்யூனிஸ்டுக் கட்சி 41 இடங்களை வென்றது. அன்று அதன் வாக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு. எதிர்த்தரப்பு பல கூறுகளாகப் பிரிந்து கிடந்தது. 1955-இல் நடைபெற்ற ஆந்திர இடைக்காலத் தேர்தலில் காங்கிரசுக் கட்சி தன் முன்னைய எதிரிகளுடன் உடன்பாடு செய்துகொண்டு ஒரே அணியாக நின்றது. கம்யூனிஸ்டுக் கட்சியின் வாக்கு ஏறத்தாழ 31 விழுக்காடாக உயர்ந்தது. அது வென்ற இடங்களோ 196-இல் 15 மட்டுமே.

கேரளத்தில் 1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி 35 விழுக்காட்டு வாக்குகளுடன் 126-இல் 60 இடங்களை வென்றது. அதன் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவருடன் சேர்ந்து பெரும்பான்மை பெற்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் முதலமைச்சரானார். நிலச் சீர்திருத்தமும் கல்விச் சட்டமும் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. 1959 சூலை 31-ஆம் நாள் அரசமைப்பின் 356-ஆம் பிரிவின்கீழ் அவ்வரசு நீக்கப்பட்டது. 1960-இல் நடைபெற்ற தேர்தலில் காங்கிரசு, பிரஜா சோஷலிஸ்டு, முஸ்லிம் லீக் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டன. கம்யூனிஸ்டுக் கட்சியின் வாக்கு 39 விழுக்காடாக உயர்ந்தது. இடங்கள் 29 ஆகக் குறைந்தன.

1960-ஆம் ஆண்டு முடிவினைப் 'பதவி நீக்கத்தை மக்கள் ஏற்றனர்' என்று விளக்குவோரும், 'மக்கள் ஆதரவு பெருகியது' என்று விளக்குவோரும் உளர். இரு கூற்றுகளும் ஒரே அட்டவணையின் வெவ்வேறு பத்திகளைச் சார்ந்தவை. ஒன்றைப் படித்து மற்றொன்றை மறைத்தல் ஆய்வு ஆகாது. வாக்காளருள் பெரும்பாலோர் எதிரணியை ஆதரித்தனர் என்பதும் உண்மை. முன்னைவிடக் கூடுதலானோர் கட்சியை ஆதரித்தனர் என்பதும் உண்மை.

5. பிளவும் அதன் கணக்கும்

1964-இல் கட்சி பிளவுற்றது. அவ்வாண்டு ஏப்ரலில் தேசியக் குழுவிலிருந்து 32 உறுப்பினர்கள் வெளியேறினர். அக்டோபர் இறுதியில் தொடங்கிய கல்கத்தா மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி (மார்க்சிஸ்டு) உருவாயிற்று. பிளவினால் இரு கட்சிகளும் ஒருங்கே நலிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மக்களவை முடிவுகள் அவ்வாறு கூறவில்லை. 1957-இல் 27 இடங்களையும் 1962-இல் 29 இடங்களையும் கட்சி பெற்றிருந்தது. 1962-இல் அதன் வாக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. 1967-இல் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 23 இடங்களையும் மார்க்சிஸ்டுக் கட்சி 19 இடங்களையும் வென்றன. இருவரின் வாக்கையும் கூட்டினால் 9.4 விழுக்காடு. அதாவது, கூட்டு வாக்கு சற்றே குறைந்திருக்க, கூட்டு இடங்கள் 29-இலிருந்து 42 ஆயின. காங்கிரசுக்கு எதிராகப் பல மாநிலங்களில் அணிகள் உருவானமையே இதற்குக் காரணம் எனலாம்.

கேரளத்தில் இக்கணக்கு மேலும் துலங்குகிறது. 1965-இல் இரு கட்சிகளும் எதிரெதிராக நின்றன. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 8 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குடன் 3 இடங்களைப் பெற்றது. 1967-இல் இருவரும் ஒரே முன்னணியில் நின்றனர். வாக்கு ஏறத்தாழ அதே அளவினதாக இருக்க, அக்கட்சியின் இடங்கள் 19 ஆயின. மார்க்சிஸ்டுக் கட்சி 133-இல் 52 இடங்களை வென்றது. இரண்டாண்டுகளில் வாக்காளர் மனம் மாறவில்லை. போட்டியின் அமைப்பு மாறியது.

6. தமிழ்நாடு: தனிவழியும் உடன்பாடும்

மொழிவழி மாநிலம் அமைந்த பின்னர், தமிழகத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி 1957-இலும் 1962-இலும் பெரும்பாலும் தனித்து நின்றது. இரு தேர்தல்களிலும் 7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. பேரவையில் முறையே 4 இடங்களும் 2 இடங்களுமே கிடைத்தன. 1967-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் அணியில் சேர்ந்த மார்க்சிஸ்டுக் கட்சி ஏறத்தாழ 4 விழுக்காட்டு வாக்குகளைக் கொண்டே 11 இடங்களை வென்றது. அணிக்கு வெளியே நின்ற இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 2 இடங்களைப் பெற்றது. 1971-இல் நிலை தலைகீழாயிற்று. தி.மு.க. அணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 8 இடங்கள். அணியின்றி நின்ற மார்க்சிஸ்டுக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை.

பின்னைய தேர்தல்களும் இதே போக்கினைக் காட்டுகின்றன. 1977-இல் அ.இ.அ.தி.மு.க.வுடன் நின்ற மார்க்சிஸ்டுக் கட்சி 12 இடங்களை வென்றது. 1989-இல் தி.மு.க.வுடன் நின்று 15 இடங்களை வென்றது. 1996-இல் தி.மு.க., தமிழ் மாநிலக் காங்கிரசு அணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 8 இடங்களைப் பெற, ம.தி.மு.க.வுடன் நின்ற மார்க்சிஸ்டுக் கட்சி ஒரே ஓர் இடத்தைப் பெற்றது. 2006-இல் தி.மு.க. அணியில் மார்க்சிஸ்டுக் கட்சிக்கு 9, இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 6, 2011-இல் அ.இ.அ.தி.மு.க. அணியில் முறையே 10, 9. இரு பெரும் கழகங்களையும் விலக்கி 2016-இல் மக்கள் நலக் கூட்டணி அமைத்தபொழுது இருவருக்கும் ஓர் இடமும் கிட்டவில்லை. 1952 முதல் இடைவிடாது கம்யூனிஸ்டு உறுப்பினரைக் கொண்டிருந்த பேரவை, முதன்முறையாக அவர்கள் இன்றிக் கூடியது. 2021-இல் தி.மு.க. அணியில் ஆளுக்கு ஆறு தொகுதிகளில் போட்டியிட்டு ஆளுக்கு 2 இடங்களை வென்றனர்.

இங்கு விழுக்காட்டினைக் கையாள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஆறு தொகுதிகளில் மட்டும் போட்டியிடும் கட்சியின் வாக்கு, மாநிலம் முழுவதும் பதிவான வாக்கில் ஏறத்தாழ ஒரு விழுக்காடாகவே இருக்கும். அக்கட்சியை ஆதரிப்போர் ஏனைய தொகுதிகளில் அணியின் பிற சின்னங்களுக்கு வாக்களித்திருப்பர். அதுபோலவே, அந்த ஆறு தொகுதிகளில் அக்கட்சிக்கு விழுந்த வாக்குகளுள் பெரும்பகுதி கூட்டாளிகளுடையதாக இருக்கும். ஆகவே உடன்பாட்டுக் காலத்தில் விழுக்காடு கட்சியின் உண்மையான செல்வாக்கைக் குறைத்தும் காட்டலாம். இடங்கள் அதனைக் கூட்டியும் காட்டலாம். தனித்து நின்ற 1957, 1962 ஆகிய இரு தேர்தல்களே தமிழகத்தில் கட்சியின் சொந்த வாக்கினை ஓரளவு நேராகக் காட்டுவன எனலாம்.

7. மக்களவையில் ஏற்றமும் இறக்கமும்

மக்களவையில் இரு கட்சிகளும் சேர்ந்து 1971-இல் 48 இடங்களையும், 1980-இல் 47 இடங்களையும், 1989-இல் 45 இடங்களையும் பெற்றன. 1996-இல் ஐக்கிய முன்னணி அரசு அமைந்தபொழுது, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசுவுக்கு வந்த தலைமையமைச்சர் வாய்ப்பினை மார்க்சிஸ்டுக் கட்சி ஏற்கவில்லை. இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அவ்வரசில் சேர்ந்தது. இந்திரஜித் குப்தா உள்துறை அமைச்சரானார்.

2004-ஆம் ஆண்டுத் தேர்தல் உச்சமாகும். மார்க்சிஸ்டுக் கட்சி 43, இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 10 என 53 இடங்களை வென்றன. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு அளித்து, அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து 2008 சூலையில் அதனை விலக்கிக்கொண்டன. 2009-இல் மார்க்சிஸ்டுக் கட்சியின் வாக்கு 5.7 விழுக்காட்டிலிருந்து 5.3 விழுக்காடாக மட்டுமே குறைந்தது. இடங்களோ 43-இலிருந்து 16 ஆக வீழ்ந்தன. உண்மையான வாக்குச் சரிவு அதன் பின்னரே நிகழ்ந்தது. 2014-இல் அதன் வாக்கு 3.3 விழுக்காடாயிற்று, 2019-இல் 1.8 விழுக்காடாயிற்று. இடங்கள் 9, 3 எனக் குறைந்தன. இவ்வாறு, 2009-இல் இடம் முந்திச் சரிந்தது. வாக்கு பிந்திச் சரிந்தது. 2009-ஐயும் 2014-ஐயும் 'படுதோல்வி' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்பொழுது இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.

2019-இல் இரு கட்சிகளும் வென்ற 5 இடங்களுள் 4 தமிழ்நாட்டிலிருந்து வந்தவை: மதுரை, கோயம்புத்தூர், நாகப்பட்டினம், திருப்பூர். 2024-இல் வென்ற 6 இடங்களுள் 4 இங்கிருந்தே வந்தன: மதுரை, திண்டுக்கல், நாகப்பட்டினம், திருப்பூர். எஞ்சிய இரண்டும் கேரளத்தின் ஆலத்தூரும் இராசத்தானத்தின் சீகரும் ஆகும். கம்யூனிஸ்டுகள் ஒருபொழுதும் ஆட்சி அமைத்திராத மாநிலமே மக்களவையில் அவர்களின் பெரும்பான்மை உறுப்பினரை அனுப்பியது. பீடி, பஞ்சாலை, துறைமுகம், இரயில்வே ஆகிய தொழில்களில் வேரூன்றிய சங்கங்களும், கீழத் தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் இயக்கமும் இத்தொகுதிகளில் சிலவற்றுக்குத் தொடர்ந்த பின்புலமாக இருந்தன. மதுரையில் 1957-இல் கே.டி.கே. தங்கமணியும் 1967-இல் பி. ராமமூர்த்தியும் வென்றதனையும், கோயம்புத்தூரில் பார்வதி கிருஷ்ணன் 1957-இலும் 1977-இலும் வென்றதனையும் நினைவுகூர்தல் தகும். ஆயினும் அணியின் துணையின்றி இவ்வெற்றிகள் கிட்டியிரா என்பதனை, ஓர் இடமும் கிட்டாத 2014 காட்டுகிறது. பிற மாநிலங்களில் வாக்குத் தளர்ந்தமையால், 2023 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி தேசியக் கட்சி என்னும் ஏற்பினை இழந்தது.

8. மேற்கு வங்கமும் திரிபுராவும்

மேற்கு வங்கத்தில் 1977-இல் மார்க்சிஸ்டுக் கட்சி 294-இல் 178 இடங்களை வென்றது. அன்று தொடங்கிய இடது முன்னணி ஆட்சி 2011 வரை 34 ஆண்டுகள் நீடித்தது. 2011-இல் 30 விழுக்காட்டு வாக்குகள் பெற்றும் அக்கட்சிக்கு 40 இடங்களே கிடைத்தன. 2016-இல் 26 இடங்களும், 2021-இல் ஓர் இடமும் இல்லாத நிலையும் தொடர்ந்தன. இங்கு 2011-ஆம் ஆண்டு வீழ்ச்சி முறையின் விளைவு. 2021-ஆம் ஆண்டு வீழ்ச்சி ஆதரவின் இழப்பு.

திரிபுராவில் 2018-ஆம் ஆண்டுத் தேர்தல் குறிப்பிடத்தக்கது. மார்க்சிஸ்டுக் கட்சி 42 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று 16 இடங்களையே வென்றது. பாரதிய ஜனதா கட்சி 43 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளுடன் 60 உறுப்பினர் அவையில் தனிப் பெரும்பான்மை பெற்றது. முன்னர் இம்முறையின் பயனை இடது முன்னணியும் துய்த்தது என்பதனை மறத்தல் கூடாது. 2006-இல் மேற்கு வங்கத்தில் ஏறத்தாழ பாதி வாக்குகளைக் கொண்டு 235 இடங்களை அது பெற்றிருந்தது. மிகுவாக்கு முறை கொள்கை நோக்கிச் செயற்படுவதன்று. முந்தி நிற்பவருக்கு மேலும் தருவதும், பிந்தி நிற்பவரிடமிருந்து மேலும் பறிப்பதுமே அதன் இயல்பு.

9. தலைநகரும் மோதி பாக்கும்

இரு கட்சிகளின் தலைமை அலுவலகங்களும் தில்லியில் அமைந்துள்ளன. நாடாளுமன்றமும் அங்கேயே உள்ளது. எனினும் தில்லிச் சட்டப் பேரவைக்குக் கம்யூனிஸ்டு ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. 1952-இல் 48 இடங்களுடன் அமைந்து 1956-இல் கலைந்த பேரவைக்கும் இது பொருந்தும்; 1993-இல் 70 இடங்களுடன் மீண்டும் அமைந்து 2025 வரை தேர்தல் கண்ட பேரவைக்கும் இது பொருந்தும்.

புதுதில்லி மக்களவைத் தொகுதியைச் சார்ந்த மோதி பாக், மைய அரசு ஊழியர் குடியிருப்பாக வளர்ந்த பகுதியாகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று அங்கு நடைபெறுவது, அப்பகுதியிலும் சுற்றிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைச் சுட்டும். மைய அரசு ஊழியர்கள் 1960 சூலையிலும் 1968 செப்டம்பர் 19-ஆம் நாளிலும் நாடு தழுவிய வேலைநிறுத்தங்களை நடத்தியவர்கள். அவற்றில் கம்யூனிஸ்டுகளின் பங்கு சிறிதன்று. ஆனால் சங்க வலிமை வாக்கு வலிமையாக மாறவில்லை. 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராவதையும் தேர்தல் பரப்புரை செய்வதையும் தடுக்கின்றன, வாக்களிப்பதைத் தடுப்பதில்லை. இடமாற்றத்துக்கு உட்பட்ட, பல மொழி பேசும் மக்கள் ஒரு குடியிருப்பில் வாழும்பொழுது, தலைமுறை தலைமுறையாக ஒரு தொகுதியில் வேரூன்றும் அமைப்பு உருவாதல் அரிது. மதுரையின் ஆலைத் தெருவும் மோதி பாக்கின் அரசு வீட்டு வரிசையும் இவ்வகையில் வேறுபட்டவை. செறிவு என்பது எண்ணிக்கை மட்டுமன்று. ஓரிடத்தில் நிலைத்திருத்தலும் ஆகும்.

10. சொல்லும் பொருளும்

இவ்வரலாற்றைப் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்கள் சில இங்குத் தொகுத்துக் கூறத்தக்கன.

முதலாவது, 'இடது' என்னும் அடை. பிளவுக்குப் பின்னர் தமிழ் நாளிதழ்கள் மார்க்சிஸ்டுக் கட்சியினரை 'இடது கம்யூனிஸ்டு' என்றும், இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியினரை 'வலது கம்யூனிஸ்டு' என்றும் எழுதின. பிற்காலத்தில் 'இடதுசாரிகள்' என்னும் சொல் இரு கட்சிகளையும் பிறரையும் ஒருங்கே குறிக்கலாயிற்று. 1967-ஆம் ஆண்டுச் செய்தியில் வரும் 'இடது'க்கும் 2004-ஆம் ஆண்டுச் செய்தியில் வரும் 'இடது'க்கும் பொருள் வேறு.

இரண்டாவது, 'கூட்டணி', 'முன்னணி', 'தொகுதி உடன்பாடு', 'வெளியிலிருந்து ஆதரவு' ஆகியன. இவை தம்முள் ஒத்த சொற்கள் அல்ல. முன்னணி என்பது பொதுத் திட்டமும் ஆட்சிப் பங்கும் உடையது. கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் அமைந்தது அதுவே. தொகுதி உடன்பாடு என்பது போட்டியைத் தவிர்க்கும் ஏற்பாடு மட்டுமே. தமிழகத்தில் இடதுசாரிக் கட்சிகள் பல வேளைகளில் இத்தொடரையே விரும்பி ஆண்டமைக்குக் கொள்கைக் காரணம் உண்டு. அதனைக் 'கூட்டணி' என்று பெயர்ப்பது அவர்கள் வேண்டுமென்றே வகுத்த வேறுபாட்டை அழிப்பதாகும்.

மூன்றாவது, அண்டை மொழிகளின் போலி ஒப்புமை. மலையாளத்தில் 'ஜனாதிபத்யம்' என்பது மக்களாட்சியைக் குறிக்கும். தமிழில் 'ஜனாதிபதி' குடியரசுத் தலைவரைக் குறித்து வழங்கியது. 'இடது ஜனாதிபத்ய முன்னணி' என்னும் மலையாளத் தொடரைத் தமிழில் ஒலிபெயர்த்தால் பொருளே கெடும். அவ்வாறே மலையாள 'நியமசபை' சட்டப் பேரவை. தமிழில் 'நியமன உறுப்பினர்' என்பார் தேர்ந்தெடுக்கப்படாதவர். தேர்தலால் அமைந்த அவை ஒன்றனை நியமனத்தால் அமைந்ததாகப் படிக்கும் இடர் இங்கு உண்டு.

11. இடங்களின் எண்ணிக்கைக்கு அப்பால்

இடங்களும் வாக்குகளும் அளக்காத பணி ஒன்றும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்து மாநிலங்களவைக்கு வந்த கம்யூனிஸ்டு உறுப்பினர் பூபேஷ் குப்தா, சென்னை மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றுவதற்கான தனியுறுப்பினர் மசோதாவை 1961-இல் கொண்டுவந்தார். 1963-இல் நடைபெற்ற விவாதத்தில் சி.என். அண்ணாதுரை அதனை ஆதரித்து உரையாற்றினார். மசோதா தோற்றது. 1967-இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்த பின்னர், சட்டமன்றத் தீர்மானத்தையும் நாடாளுமன்றச் சட்டத்தையும் தொடர்ந்து, 1969 சனவரி 14-ஆம் நாள் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. சென்னைப் பேரவையில் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 1962-இல் இரண்டே இடங்கள் இருந்தன. அதே காலத்தில் தமிழ் பேசாத ஓர் உறுப்பினர் வாயிலாக அக்கட்சி தமிழ்நாட்டின் பெயருக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியது. தோல்வியுற்ற மசோதா எந்தத் தேர்தல் அட்டவணையிலும் இடம்பெறாது. மொழி வரலாற்றில் இடம்பெறும்.

12. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படுவன வருமாறு. கம்யூனிஸ்டுக் கட்சிகளின் இட எண்ணிக்கை அவற்றின் ஆதரவை நேராகக் காட்டும் அளவு அன்று. ஆதரவு, செறிவு, எதிரணியின் ஒற்றுமை, உடன்பாடு ஆகிய நான்கும் சேர்ந்து விளைவித்த எண் அது. 1955-இல் ஆந்திரத்திலும் 1960-இல் கேரளத்திலும் வாக்கு உயர்ந்து இடம் வீழ்ந்தது. 1967-இல் மக்களவையில் வாக்கு குறைந்து இடம் உயர்ந்தது. அதே வேளையில், எல்லா வீழ்ச்சிக்கும் தேர்தல் முறையையே காரணம் காட்டுதலும் பொருந்தாது. 2009-க்குப் பின்னர் நாடளாவிய நிலையில் வாக்கே தேய்ந்தது என்பதனை எண்கள் மறைக்கவில்லை.

ஆகவே இவ்வரலாற்றை எழுதுவோரும் பெயர்ப்போரும் இடத்துடன் வாக்கினையும், வாக்குடன் போட்டியிட்ட தொகுதிகளின் எண்ணிக்கையையும், அதனுடன் அன்றைய அணி அமைப்பையும் சேர்த்தே தருதல் வேண்டும். 'வென்றனர்', 'தோற்றனர்' என்னும் வினைகள் இடத்துக்கு உரியன; 'ஏற்றனர்', 'புறக்கணித்தனர்' என்னும் வினைகள் மக்களுக்கு உரியன. முன்னவற்றிலிருந்து பின்னவற்றுக்குச் செல்லும் முன்னர், வாக்குப் பத்தியை ஒருமுறை பார்த்தல் கடமையாகும்.